கொட்டகைக்குள் கண்கள்

பொழுது இறங்கினால் போதும், தமிழ்மதி வீட்டு ஆடுகளுக்கு என்னவோ ஆகிவிடும். கொட்டகை வாசல்வரை வரும். உள்ளே எட்டிப் பார்க்கும். உடனே காலை ஊன்றிக்கொண்டு நின்றுவிடும்.

அம்மா இந்துமதி டார்ச் அடித்துப் பார்ப்பார். தீவனத் தொட்டி, காற்றுக்கு மறைப்பாக அவர் புதிதாகக் கட்டிய வெள்ளைத் துணி. வேறு ஒன்றும் இருக்காது.

"உள்ள ஏதோ இருக்குது இந்து. வாயில்லாச் சீவனுக்குத் தெரியும்," என்றார் பக்கத்து வீட்டு வேலாத்தாள்.

ஆடுகளை வெளியே கட்டவும் வழியில்லை. போன வாரம் அப்படிக் கட்டிய ஒரு குட்டியைத் தெருநாய்கள் கடித்துக் கொன்றுவிட்டன.

பனியன் கம்பெனியை விட்டுவிட்டு ஆடு வளர்க்க வந்தவர் அம்மா. "நாளைக்கு எல்லாத்தையும் சந்தையில வித்துட்டு, நைட் ஷிப்டுக்கே போயிடறேன் கண்ணு," என்றார்.

தமிழ்மதிக்கு அழுகை முட்டியது. இனி ராத்திரியில் அம்மாவும் வீட்டில் இருக்க மாட்டார், அவள் செல்ல ஆட்டுக்குட்டி பஞ்சுவும் இருக்காது.

'ஆடு என்ன டார்ச்சா அடிச்சுப் பார்க்குது?' என்று அவளுக்குத் தோன்றியது. பஞ்சுவைத் தூக்கிக்கொண்டு, விளக்கில்லாமல் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தாள்.

வெளிச்சம் மெல்ல வடிந்தது. பஞ்சு நடுங்கத் தொடங்கியது.

எதிரே பச்சையாக ஒரு கண் திறந்தது. அடுத்து இன்னொன்று. பிறகு சுவர் முழுக்கக் கண்கள். கண்களுக்குக் கீழே பற்கள்.

தமிழ்மதி பஞ்சுவை இறுக்கிப் பிடித்தாள். ஓடிவிடலாம். ஓடினால் பஞ்சு சந்தைக்குப் போய்விடும். கையை நீட்டி ஒரு கண்ணைப் பொத்தினாள். மறைந்தது. கையை எடுத்தாள். மறுபடியும் முறைத்தது. விரலில் பட்டது வெறும் துணி.

"அம்மா, டார்ச் இல்லாம வாங்க."

அம்மா வந்தார். நெஞ்சில் கைவைத்து நின்றவர், சட்டென்று சிரித்துவிட்டார்.

"அட, கம்பெனியில வேண்டாம்னு கழிச்ச, புலி மூஞ்சி போட்ட பனியனு. இருட்டுல மட்டும் மின்னற பிரிண்ட்டு. வெள்ளையா இருக்குதேன்னு நான்தான் பிரிச்சுத் தெச்சுக் கட்டுனேன்."

"புலியைக் கட்டி வெச்சுட்டு ஆட்டை உள்ள போகச் சொன்னீங்களா?"

இருவரும் துணியை அவிழ்த்தார்கள். ஆடுகள் முட்டி மோதிக்கொண்டு உள்ளே போயின. அந்தத் துணியைத் தமிழ்மதி நாய்கள் வரும் பக்கமாகத் தங்கள் வேலியில் கட்டினாள்.

மறுநாள் அம்மா ஆடுகளைச் சந்தைக்கு ஓட்டவில்லை, மேய்ச்சலுக்கு ஓட்டினார். எதிரே வேலாத்தாள் வெளிறிய முகத்தோடு வந்தார்.

"இந்து, உங்க வேலியில என்னமோ இருக்குது. நேத்து நாயெல்லாம் ஊளையிட்டுட்டுத் திரும்பி ஓடுச்சு."

தமிழ்மதி பஞ்சுவை அணைத்துக்கொண்டாள்.

"ஆமாங்க, அது அங்கயே இருக்கட்டுங்க," என்றாள்.