பதினோரு வருட ஜனவரி

பொதிகைக் காட்டில் அன்றும் ஜனவரிதான். பதினோரு ஆண்டுகளாக அங்கே ஜனவரி. விடியற்காலையில் மெல்லிய பனி, பத்து மணிக்கு இளவெயில், மாலையில் இதமான காற்று. வெளியே நாட்காட்டி எந்த மாதத்தைக் காட்டினாலும், வான்கூரைக்குக் கீழே அடுத்த மாதம் பிறப்பதில்லை.

வெளியுலகின் பருவங்கள் எல்லாம் தாறுமாறாகிப் போன பிறகு, மிஞ்சியிருந்த மலைக்காட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத கூரை ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அதற்குள் வெயிலோ மழையோ, கேட்டது கிடைக்கும். ஆனால் கேட்கும் உரிமை காட்டுக்கு இல்லை, காட்டைப் பார்க்க வருகிறவர்களுக்குத்தான். எந்தப் பருவம் வேண்டும் என்று அவர்கள் முன்பதிவில் குறிப்பார்கள். அதை எண்ணிப் பார்த்து, எது அதிகமோ அதையே நடத்துவது 'பருவக்கோன்' என்ற இயந்திரம். குறித்ததை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். யாரும் மாற்றியதில்லை.

ஏன் மாற்றப்போகிறார்கள்? வருகிறவர்கள் முதல் வேலையாகப் பருவக்கோனிடமே, "எந்த மாசம் வந்தா நல்லாருக்கும்?" என்று கேட்பார்கள். "பெரும்பாலோர் ஜனவரியையே விரும்புகிறார்கள்" என்று அது உள்ளதைச் சொல்லும். உடனே இவர்களும் ஜனவரி என்று குறிப்பார்கள். அடுத்து வருகிறவரிடம் அது இன்னும் அழுத்திச் சொல்லும். செவ்வாய்க் குடியிருப்பிலிருந்து ஏழு மாதம் பறந்து வருகிறவர்கள், பிறந்ததிலிருந்து மழையைக் கண்ணால் பார்க்காதவர்கள், அவர்கள்கூட நனைந்துவிடுவோமோ என்று பயந்து ஜனவரியைத்தான் குறித்தார்கள்.

சிவகாமசுந்தரிக்கு ஜனவரி என்ற சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அவள் அந்தக் காட்டின் மருத்துவர். நானூற்றுப் பன்னிரண்டு வெள்ளைக் குங்கிலிய மரங்கள் அவள் பொறுப்பில் இருந்தன. வேருக்குக் குழாயில் தண்ணீர் விட்டு அவற்றை உயிரோடு வைத்திருந்தாள். ஆனால் விதைகளைக் காப்பாற்ற முடியவில்லை. விழுந்த சில நாட்களுக்குள் ஈரமண்ணும் ஈரக்காற்றும் மூடிய வானமும் கிடைக்காவிட்டால் அந்த விதைகள் செத்துப்போகும். கண்ணாடி அறையில் முளைக்க வைத்த கன்றுகளும் வெளியே நட்டதும் கருகின. பதினோரு வருடமாக ஒரு கன்றுகூட இல்லை.

அந்த வருடம் காப்பக நிர்வாகத்திடமிருந்து ஓர் ஓலை வந்தது. இந்த விதைப் பருவம் முடிவதற்குள் ஒரு கன்றாவது முளைக்காவிட்டால், கிழட்டு மரங்களை வெட்டிவிட்டு நெகிழி மரங்களை நடப்போகிறார்களாம். பார்வையாளர்கள் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண்தான் தருகிறார்களாம். கெடு முப்பது நாள்.

நுழைவாயிலில் பெரிய பலகை வைத்தாள். 'காட்டைக் காப்பாற்ற ஜூனைக் குறியுங்கள்.' வந்தவர்கள் அதன் முன் நின்று அழகாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். வாரக் கடைசியில் ஜனவரிக்கு எண்பத்தொன்பதாயிரம் பேர், ஜூனுக்கு நாற்பத்து மூன்று பேர்.

விசாரணைச் சாளரத்தில் இருந்த தாணுமாலயன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். நாகர்கோவில்காரன். அந்த இடத்தில் முன்பு ஓர் இயந்திரம் இருந்தது. சண்டை போட மனுஷன் வேண்டும் என்று பார்வையாளர்கள் கேட்டதால் இவனை வைத்தார்கள்.

"யக்கா, நீங்க கெஞ்சுதீங்க. கெஞ்சிக் கேட்டா எவன் கேப்பான்?" என்றான்.

"பின்ன என்ன செய்யச் சொல்லுத?"

"எங்கிட்ட விடுங்க."

மறுநாள் காலை செவ்வாயிலிருந்து வந்த திலகவதி என்ற அம்மாள், கணவர் பின்தொடர, சாளரத்துக்கு வந்து, எந்த மாசம் நல்லாருக்கும் என்ற வழக்கமான கேள்வியை அவனிடமும் கேட்டாள். தாணுமாலயன் இடமும் வலமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"பொதுவா வாறவங்களுக்கு ஜனவரி போதும்மா."

"பொதுவான்னா?"

"அத விடுங்க."

"இல்ல, சொல்லுங்க. வேற ஏதோ இருக்கு."

"ஜூன் சாரல்னு ஒண்ணு உண்டு. அது வேண்டப்பட்டவங்களுக்குத்தான் பாத்துக்கிடுங்க. சிபாரிசுக் கடிதம் இருந்தா நீங்களும் குறிக்கலாம். நான் சொன்னதா வெளிய சொல்லீராதீங்க."

திலகவதி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். "இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்து, நமக்கு வெறும் ஜனவரியா?" எந்தக் கிரகத்திலும் கணவர்கள் விழிக்கிற மாதிரியே அவரும் விழித்தார்.

சொல்லக்கூடாது என்று சொன்ன விஷயம் அன்று மாலைக்குள் விடுதிகள் முழுக்கப் பரவியது. எல்லோரும் சிபாரிசுக்கு ஆள் தேடினார்கள். இயந்திரங்கள் எதை வேண்டுமானாலும் எழுதிவிடும் காலமாகையால், கைப்பட எழுதிய காகிதத்துக்குத்தான் மதிப்பு. அமைச்சரின் உதவியாளருடைய மைத்துனரிடமிருந்து ஒன்று, நிலாக் குடியிருப்பின் வார்டு உறுப்பினரிடமிருந்து ஒன்று என்று காகிதங்கள் குவிந்தன. தாணுமாலயன் எதையும் படிக்கவில்லை. எல்லாவற்றிலும் முத்திரை குத்தினான். கடிதம் கிடைக்காதவர்கள் அவனிடம் சண்டை போட்டார்கள். அவர்களுக்கும், "சரி, உங்களுக்காகச் செய்யுதேன்" என்று குத்திக் கொடுத்தான்.

ஒன்பதாம் நாள் ஜூன் ஜனவரியைத் தாண்டியது. பருவக்கோனுக்கு யார்மேலும் பாசமும் கிடையாது, பகையும் கிடையாது. எண்ணிப் பார்த்துவிட்டு மேகத்தைத் திறந்தது.

பதினோரு வருட மழையும் சேர்ந்து பெய்வது போலிருந்தது. செவ்வாய்க்காரர்கள் தொப்பலாக நனைந்து, பல் தந்தியடிக்க, இன்னும் கடிதத்துக்காக வேலிக்கு வெளியே நின்றவர்களைப் பார்த்துப் பெருமையாகக் கையசைத்தார்கள். அட்டை கடித்த இடத்தைக்கூட திலகவதி எல்லோருக்கும் காட்டினாள். அந்த வாரம்தான் குங்கிலிய விதைகளும் உதிர்ந்தன.

கெடுவுக்கு மூன்று நாள் இருக்கையில், மழை தொடங்கியதிலிருந்து காட்டுக்குள் போகத் துணியாதிருந்த சிவகாமசுந்தரி, முளைத்ததா என்று பார்க்கப் புறப்பட்டாள். வாயிலில் காவல் இயந்திரம் கையை நீட்டி மறித்தது.

"சிபாரிசுக் கடிதம்?"

"நான் இந்தக் காட்டுக்கு டாக்டர்."

"அறிவேன். பதினாறு ஆண்டுகளாக. ஆனால் ஜூன் மாதத்தில் கடிதம் இல்லாமல் இதுவரை ஒருவரும் உள்ளே சென்றதில்லை."

"அப்படி ஒரு விதியே கெடையாது."

"எழுபதாயிரம் பேர் கடைப்பிடித்திருக்கிறார்கள். இருக்கிற எந்த விதியையும் இத்தனை பேர் கடைப்பிடித்ததாகப் பதிவு இல்லை."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நேரே சாளரத்துக்குப் போனாள். தாணுமாலயன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, தலையைச் சொறிந்தபடி காகிதத்தை எடுத்தான். 'இக்கடிதம் கொண்டுவரும் திருமதி சிவகாமசுந்தரி எனக்கு மிகவும் வேண்டியவர். இவரை உள்ளே அனுமதித்து உதவும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

"உன் கடிதத்த அது ஒத்துக்கிடுமா?"

"யாரு எழுதுனதுன்னு அது பாக்காதுக்கா. இருக்கான்னுதான் பாக்கும்."

அப்படியே ஆயிற்று. வாயில் திறந்தது. அவள் சேற்றில் வழுக்கி விழாத குறையாக ஓடினாள். முதல் மரத்தடியில் குனிந்து சருகை விலக்கினாள். சிவந்த இரண்டு இலைகள் நின்றன. பக்கத்தில் இன்னொன்று. அதற்கப்பால் நாலைந்து. முப்பது வரை எண்ணிவிட்டு எண்ணுவதை நிறுத்தினாள். சேற்றிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பதினோரு வருடத்தில் அவள் இவ்வளவு நிம்மதியாக மூச்சு விட்டதில்லை. அங்கிருந்தே நிர்வாகத்துக்குப் படத்தை அனுப்பினாள். வெட்டும் உத்தரவை ரத்து செய்துவிட்டதாகக் கால் மணி நேரத்தில் பதில் வந்தது.

மழை வலுத்தது. தலை, முதுகு, புடவை எல்லாம் நனைந்ததை அவள் பொருட்படுத்தவில்லை. திடீரென்று ஞாபகம் வந்தவளாகக் கடிதத்தை எடுத்துப் பார்த்தாள். ஓரம் லேசாக நனைந்திருந்தது. பதறிப்போய், பையிலிருந்த சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, தயிர்சாதத்தைப் பாறை மேல் கொட்டிவிட்டு, டப்பாவைத் துடைத்துக் கடிதத்தை உள்ளே வைத்து இறுக்கி மூடினாள். நாளைக்கும் வர வேண்டுமே.