கண்ணாடியில் ஊர்ந்த கோடு

அந்தப் பழைய மருத்துவமனையில் சதைத் துணுக்குகளைச் சோதித்து நோய் சொல்லும் நோய்க்கூறியல் டாக்டராக அவள் சேர்ந்தது நல்ல வெயில் காலத்தில். படியேறும்போதே ஃபார்மலின் நெடி மூக்கைத் துளைத்தது. டெக்னீஷியன் ஒல்லி, நெட்டை. துணுக்குகளை மெழுகு பிளாக்கில் பதித்து மெலிசாகச் சீவ, நாள் முழுக்க உருகிய மெழுகோடு மல்லுக்கட்டுபவர். எல்லோருக்கும் அவர் மெழுகுவர்த்தி.

சேர்ந்த சில நாட்களிலேயே சொந்தத் தம்பியின் சதைத் துணுக்கு அவள் மேசைக்கு வந்தது. காதுக்குக் கீழே, எச்சில் சுரப்பியில் இருந்த கட்டியை அறுத்து எடுத்திருந்தார்கள். சாதாரணச் சாயத்தில் தீங்கில்லாததாகத்தான் தெரிந்தது. ஆனாலும் கூடப் பிறந்தவன், மனசு கேட்கவில்லை. மார்க்கர் மருந்து போடச் சொன்னாள். பொல்லாத அணுக்கள் இருந்தால் அந்த மருந்து தேடிப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடம் பழுப்பாகும். மருந்து வேலை செய்கிறதா என்று தெரிய, துணுக்கு ஒட்டிய அதே கண்ணாடித் தகட்டில் ஓரமாக வேறொருவரின் புற்றுத் துணுக்கையும் வைப்பார்கள். அதற்குப் பெயர் கன்ட்ரோல்.

"இது யாரோடது?"

"யாரோ ஒரு பொம்பளையோடது டாக்டர். முகத்து நரம்பு வழியா மண்டைக்குள்ள ஏறிடுச்சாம். நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டாங்க." மெழுகுவர்த்தி குரலைத் தாழ்த்தினார். "அந்த மெழுகு பிளாக் வெட்ட வெட்டக் குறையவே மாட்டேங்குது டாக்டர்."

அவள் சிரித்துவிட்டாள்.

மைக்ராஸ்கோப்பில் கன்ட்ரோல் சல்லடை சல்லடையாக, அடர் பழுப்பில் கிடந்தது. தம்பியின் துணுக்கில் துளி நிறமில்லை. உடனே போன் போட்டாள்.

"டேய், ஒண்ணுமில்லடா. சாதாரணக் கட்டிதான்."

"இப்பதான் உயிரே வந்துச்சுக்கா!"

மறுநாள் காலை, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுமுன் இன்னொரு முறை பார்த்தாள். கன்ட்ரோலின் விளிம்பிலிருந்து ஒரு பழுப்புக் கோடு கிளம்பியிருந்தது. வெறும் கண்ணாடியின்மேல், மயிரிழைபோல.

தூசு என்று துடைத்தாள்.

அது மூடிக் கண்ணாடிக்கு உள்ளே இருந்தது.

மதியம் பார்த்தபோது பாதி தூரம் வந்துவிட்டிருந்தது. செத்த அணுக்கள். மெழுகில் ஊறி, மருந்தில் வெந்தவை. நகராது. நகரவே முடியாது.

சாயங்காலம் அது தம்பியின் துணுக்கைத் தொட்டிருந்தது.

அங்கிருந்த நரம்பு ஒன்றைச் சுற்றிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது.

"அக்கா... வலது கண்ணை மூட முடியலக்கா. தண்ணி குடிச்சா வாயோரமா வழியுது."

"பயப்படாதடா. லைன்லயே இரு."

போனைக் காதில் இடுக்கிக்கொண்டு கண்ணாடியையும் அந்தப் பொம்பளையின் மெழுகு பிளாக்கையும் அள்ளினாள். பின்கட்டில் மருத்துவக் கழிவு எரிக்கும் உலை. ஒரே வீச்சில் உள்ளே எறிந்தாள். மெழுகு வாடை வரவில்லை. சதை கருகும் வாடைதான் வந்தது.

"அக்கா! எரியுது! முகமெல்லாம் எரியுதுக்கா!"

அந்தக் கண்ணாடியில் அவனும் இருந்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

உலைக்குள் கையை விடப் போனவளை மெழுகுவர்த்தி பிடித்து இழுத்தார். நெருப்பு அடங்கும்வரை அவன் அலறல் அடங்கவில்லை.

அதன் பிறகு தம்பியிடமிருந்து எடுத்த எல்லாத் துணுக்கும் பழுப்பு. ஒவ்வொன்றையும் அவளே பார்த்தாள், அவளே எழுதினாள். பாதி முகம் செத்துத் தொங்க, வலியில் தலையைச் சுவரில் முட்டி முட்டி, மழைக்காலம் முடியுமுன் தம்பி போய்விட்டான். கடைசிவரை அவன் கேட்டது ஒன்றுதான்: "நீதானக்கா ஒண்ணுமில்லன்னு சொன்னே?"

பிணவறையில் ஊழியர் துணியை விலக்கிவிட்டு வெளியே போனார். அவள் தம்பியின் முகத்தைத் தடவினாள். இடது கன்னம் சில்லிட்டிருந்தது.

வலது கன்னம் சுட்டது.

தோலுக்கடியில், காதிலிருந்து நெற்றிப்பொட்டுக்கு, மெலிசாக ஏதோ ஊர்ந்தது.

மாதக்கணக்கில் மூடாத அந்தக் கண் மெல்ல மூடியது.

பிறகு திறந்து, அவளைப் பார்த்தது.