போறேன்னு மட்டும் சொல்லுங்க

ஜீப் இறக்கிவிட்ட இடத்திலிருந்து விடுதி வரை நல்ல ஏற்றம். தம்பி நாலடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினான். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. இரண்டு பைகளையும் அக்காவே தூக்கிக்கொண்டாள். அவள் நர்ஸ். நீண்ட லீவு போட்டுவிட்டு ஊர் ஊராகச் சுற்றக் கிளம்பியவள், இவனை வீட்டில் தனியாக விட மனமில்லாமல் கூடவே இழுத்து வந்திருந்தாள். இருமினால் திட்டிக்கொண்டே முதுகைத் தடவிவிடுவதற்கு அவனுக்கும் அவளை விட்டால் வேறு ஆள் இல்லை.

மலை உச்சியில் கல் சுவரும் தகரக் கூரையுமாக அந்த விடுதி தனியே நின்றது. உள்ளே ஈரக் கம்பளி வாடை. விருந்தாளிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைக்க வேண்டும், அறைகளைப் பெருக்க வேண்டும். பதிலுக்குத் தங்க இடமும் மூன்று வேளைச் சாப்பாடும். ஓசிச் சோறு என்று நம்பி வந்தால் இப்படி முதுகொடிக்கிறார்களே என்று தம்பி அக்காவின் காதில் முணுமுணுத்தான்.

விடுதிக்காரம்மா கம்பளிக் குல்லாய் போட்ட, அதிகம் பேசாத பெண்மணி. அறை அறையாக வேலையைக் காட்டிக்கொண்டே வந்தவள், சமையலறையின் பின்கதவருகே நின்றாள்.

"இங்கேருந்து எங்க கிளம்பினாலும் போறேன்னு மட்டும் சொல்லுங்க. வரேன்னு சொல்லாதீங்க."

அக்காவுக்குச் சுருக்கென்றது. அம்மா உயிரோடு இருந்தவரை, வாய் தவறி 'போறேன்' என்று சொன்னால் அந்த வாயிலேயே ஒன்று போடுவாள். செத்தவங்கதான் போவாங்க, இருக்கிறவங்க போயிட்டு வருவாங்க என்பாள். இங்கே எல்லாம் தலைகீழாக இருந்தது. ஏன் என்று தம்பி கேட்டதற்கு, சொன்னதைக் கேட்டால் போதும் என்று அந்தம்மா முடித்துவிட்டாள்.

அவளுடைய வீட்டுக்காரர் முற்றத்தில் நாள் முழுக்க விறகு பிளந்தார். எது சொன்னாலும் அவரிடமிருந்து வரும் ஒரே பதில் "சரி". தண்ணீர் நிரப்பச் சொன்னால் சரி. சாப்பாடு ஆறிப்போச்சு என்றாலும் சரி. தம்பி அவருக்கு 'சரி மாமா' என்று பேர் வைத்தான். அக்காவுக்கு இப்படி ஒரு மாப்பிள்ளை அமைந்தால் தான் பிழைத்தோம் என்று சொல்லிச் சிரித்தான். அக்காவும் சிரித்தாள்.

ஆனாலும் ஒரு விஷயம் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த உயரத்தில் வாளி தூக்கினாலே அவளுக்கு மூச்சு முட்டியது. அவ்வளவு விறகு பிளந்தும் சரி மாமாவுக்கு மூச்சு வாங்கி அவள் பார்த்ததே இல்லை.

ஒரு நாள் தம்பியின் இன்ஹேலர் தீரும் நிலைக்கு வந்தது. காலையில் காய்கறி ஏற்றி வந்த ஜீப்பிலேயே கீழே போய் மருந்து வாங்கி, மதியத்துக்குள் திரும்பிவிடுவதாகச் சொன்னான். அக்கா கூடக் கிளம்பினாள். துவைக்கக் குவிந்து கிடந்த விரிப்புகளைக் காட்டி, நான் என்ன பச்சைக் குழந்தையா என்று அவளைத் தடுத்துவிட்டான். விடுதிக்காரம்மாவின் முன்னால் நின்று, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு "போறேன்" என்றான். அவள் முகத்தில்கூட லேசாகச் சிரிப்பு வந்தது.

ஜீப் நகர்ந்தது. வளைவில் திரும்பும்போது அவன் தலையை வெளியே நீட்டினான்.

"அக்கா, வரேன்!"

பழக்கதோஷம். சொன்னது அவனுக்கே தெரிந்திருக்காது.

விடுதிக்காரம்மாவின் முகம் செத்துப்போனது. நேராக உள்ளே போய்ப் பின்கதவின் தாழ்ப்பாளைப் போட்டாள். இன்றைக்கு யார் தட்டினாலும் திறக்காதே என்றாள். அக்கா விடவில்லை. காரணம் தெரியாமல் ஒரு விரிப்பைக்கூடத் தொடமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றாள்.

"இங்க வரேன்னு சொன்னா யாராவது வந்துடுவாங்க," என்றாள் அந்தம்மா. "சொன்னவங்கதான் வரணும்னு இல்ல."

கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவளுடைய வீட்டுக்காரர் வரேன் என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போயிருக்கிறார். சாயந்திரம் வந்தார். சோறு போட்டாள். அவர் பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, வாசலில் இன்னொரு தடவை அவரே வந்து நின்றார்.

அப்புறம் என்ன செய்தீர்கள் என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"ஒருத்தரைப் போன்னு சொன்னேன். போயிட்டாரு. யாரை அனுப்பினேன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியலம்மா."

முற்றத்தில் கோடரிச் சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

மதியத்துக்கு மேல் பனிமூட்டம் ஏறி வந்தது. முதலில் பாதை மறைந்தது, அப்புறம் மரங்கள், அப்புறம் முற்றம். பட்டப்பகலில் விளக்கைப் போட வேண்டியிருந்தது. ஜீப்பைக் காணோம். அந்தக் குளிரில் மருந்து இல்லாமல் மாட்டிக்கொண்டால் அவன் என்ன ஆவான் என்பதை நர்ஸான அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பின்கதவு தட்டப்பட்டது.

"அக்கா, நான்தான். திற. குளிருது."

அவன் குரல்தான். சந்தேகமே இல்லை. அவள் கை தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது. விடுதிக்காரம்மா தடுக்கவில்லை.

"நல்லாக் கேளு," என்று மட்டும் கிசுகிசுத்தாள்.

அக்கா கதவில் காதை வைத்தாள். நோயாளியின் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்கிற அதே கவனத்தோடு கேட்டாள். மாடிப்படி ஏறினாலே விசிலடிக்கும் நெஞ்சு அவனுக்கு. இவ்வளவு ஏற்றம் ஏறி வந்திருக்கிறான். இரைப்பு இல்லை.

மூச்சே இல்லை.

அவனாகவே இருந்துவிட்டால்? ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. "போடா" என்றாள். பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து, அவள் போடா என்றால் அவன் "நீ போ" என்பான். அம்மாவின் அடிக்குக்கூட அந்தப் பதில் மாறியதில்லை.

கதவுக்கு வெளியிலிருந்து பதில் வந்தது.

"சரிக்கா."

காலடிகள் சரளைக் கல்லில் மெதுவாக இறங்கிப் போயின. விடுதிக்காரம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குத் தனக்கு இப்படிக் கேட்கத் தோன்றவில்லையே என்று முழங்காலில் முகம் புதைத்து அழுதாள்.

முன்னறையில் போன் அடித்தது. அக்கா ஓடிப்போய் எடுத்தாள். கர் கர் என்று இரைக்கிற சத்தம்தான் முதலில் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவள் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான். பனியில் ஜீப் ஏறாதாம். காலையில்தான் வண்டியாம். மருந்துக்கடை மூடிக் கிடந்ததாம். கடைத்தெருவில் ஒரு அறை எடுத்துத் தனியாக உட்கார்ந்திருக்கிறான்.

"நெஞ்சு அடைக்குதுக்கா. பயமா இருக்கு."

"பயப்படாதடா. நிமிர்ந்து உட்காரு. மெதுவா மூச்சு விடு. நான் வரேன்."

சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது.

முற்றத்தில் கோடரிச் சத்தம் நின்றது.

"இல்லடா, நான் வரல. கேட்டுக்க, வரல. யார் தட்டினாலும் திறக்காத."

போனுக்குள் எங்கேயோ ஒரு கதவு தட்டப்படுவது கேட்டது.

"அக்கா," என்றான் மெல்ல. "வெளியே நீ கூப்பிடற."

"அது நான் இல்ல. போன்னு சொல்லு. போன்னு சொன்னாப் போயிடும்."

"மருந்து கொண்டு வந்திருக்கேன்னு சொல்ற. நீ கதவுக்கு வெளியே நிக்கற. அப்ப இதுல பேசறது யாரு?"

"நான்தாண்டா. அக்காடா."

போனுக்குள், கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அவளுடைய குரலே அதையே சொன்னது. நான்தாண்டா. அக்காடா.

இரைப்பு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பின்கதவில் எந்தப் பதிலுக்காக அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தாளோ, அதையே இப்போது அவன் அவளிடம் சொன்னான்.

"நீ போ."

போன் வைக்கப்பட்டது. திரும்பத் திரும்ப அடித்தாள். யாரும் எடுக்கவில்லை. பனியில் இறங்கி ஓடப் பார்த்தவளை விடுதிக்காரம்மா கட்டிப் பிடித்து இழுத்து வந்தாள்.

வெளிச்சம் வந்ததும் ஜீப் சத்தம் கேட்டது. அக்கா செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். டிரைவர் அவளைப் பார்த்ததும் இறங்கக் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"நீங்க எப்படி எனக்கு முன்னாடி மேல வந்தீங்க?"

தம்பி எங்கே என்று அவள் கேட்டாள்.

"விடிகாலை பஸ்ல நீங்க ரெண்டு பேரும்தானே ஏறினீங்க? தம்பி நல்லாத்தான் இருந்தாரு. இரைப்பே இல்ல." டிரைவர் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டார். "மேல சொல்லிடுங்கன்னு ஒண்ணு சொன்னீங்களே."

"என்ன சொன்னேன்?"

"போயிட்டு வரேன்னு."