துருத்தி ஒரு விரல் நீண்டிருந்தது

காலையில் கேமராவின் துருத்தி ஒரு விரல் அளவுக்கு நீண்டிருந்தது.

லிசாந்த்ரோ துடைப்பத்தைப் பிடித்தபடி நின்று அதையே பார்த்தான். ஸ்டூடியோவின் ஒரு கோடியில் அந்தப் பெரிய மரக் கேமரா முக்காலியின் மேல் வழக்கம்போல நின்றது. எதிர்க் கோடியில் நாற்காலி. நடுவில் அவன் படுக்கும் கட்டில். மாடியில் அவனும் மனைவி நெலிதாவும் படுத்த அறைக்குப் போகப் பிடிக்காமல் அந்தக் கட்டிலை அவன்தான் கீழே இறக்கிப் போட்டிருந்தான்.

கேமராவின் அடிப்பலகையில் ஒரு பென்சில் கோடு இருந்தது. நெலிதா போட்டது. லென்ஸ் அந்தக் கோட்டில் நின்றால் நாற்காலியில் இருப்பவரின் முகம் தெளியும். அவள் இறந்த நாளில் லென்ஸ் அந்தக் கோட்டில் நின்றது. அதன்பின் ஏறக்குறைய ஒரு வருடமாக அவன் அதைத் தொடவில்லை. தூசி தட்டக்கூடத் தொடவில்லை. இப்போது லென்ஸ் கோட்டைத் தாண்டி முன்னால் வந்திருந்தது.

தூரத்தில் இருப்பது தெளிய, லென்ஸையும் பெட்டியையும் இணைக்கும் அந்த மடிப்புத் தோல் துருத்தியைச் சுருக்க வேண்டும். கிட்டத்தில் இருப்பது தெளிய நீட்ட வேண்டும். நாற்காலியைவிடக் கிட்டத்தில் இருந்த எதையோ கேமரா பார்த்திருக்கிறது.

அவன் குனிந்தான். அடிப்பலகை முழுவதும் அரெகிப்பா ஊரின் எரிமலைத் தூசி வெள்ளையாகப் படிந்திருந்தது. லென்ஸை நகராமல் பிடிக்கும் பூட்டுத் திருகின் மேல் மட்டும் தூசி இல்லை. பித்தளை பளிச்சென்று இருந்தது.

கதவு தட்டப்பட்டது. நெலிதாவின் அண்ணன் ரோமுலோ ஒரு கையில் ரொட்டிப் பையும் மறு கையில் மூடி போட்ட பாத்திரமுமாக வந்தான். ஞாயிற்றுக்கிழமை. பன்றிக்கறிக் குழம்பின் வாசனை அவனுக்கு முன்னால் உள்ளே நுழைந்தது.

“என்ன மாப்ள, பெருக்குறியா? ஊரே விழாவுக்குக் கிளம்பிட்டு இருக்கு, நீ துடைப்பத்தோட டான்ஸ் ஆடுற.”

“மச்சான், நீ இதத் தொட்டியா?”

“எத?”

“கேமராவ. லென்ஸ் நகர்ந்திருக்கு.”

ரோமுலோ ஒரு பார்வை பார்த்தான். பழைய கேமராக்களை வாங்கி விற்பதுதான் அவன் தொழில். “ராத்திரி பூமி ஆடுச்சே, உனக்குத் தெரியலயா? எங்க வீட்ல அலமாரிக் கதவெல்லாம் தானா திறந்துக்கிச்சு. மிஸ்தி மலை ஒரு ஏப்பம் விட்டா இந்த ஊர்ல எல்லாமே நகரும்.”

“பூட்டுத் திருகு கழண்டிருக்கு.”

“நீ முடுக்கியிருக்க மாட்ட.”

“முடுக்கினேன்.”

“கல்யாணத்தன்னிக்கு மோதிரத்தயே மறந்துட்டு வந்த ஆளுடா நீ. உன் முடுக்க நான் நம்பணுமா?” சொல்லிவிட்டுச் சிரித்தான். பிறகு நிறுத்திக்கொண்டான். “சாப்பிடு. ஆறிடும்.”

இருவரும் நின்றபடியே சாப்பிட்டார்கள். அறையில் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. ரோமுலோ அதன் பக்கம் திரும்பவில்லை.

“லிமாவுலேர்ந்து கேமரா வாங்க வந்த அம்மா இன்னிக்குச் சாயங்காலம் பஸ் ஏறுது,” என்றான். “கேமரா பிடிச்சிருக்காம். லென்ஸோட எடுத்துக்குது. துருத்தில ஓட்டை இல்லன்னு மட்டும் தெரியணுமாம். ஒரே ஒரு படம், இன்னிக்கு எடுத்தது. கழுவி, ஈரத்தோட குடுத்தாலும் சரிங்குது.”

“யார வச்சு எடுக்க?”

“சாப்பாட்டுக்கு அப்பறம் வர்றேன். நானே உட்கார்றேன்.” ரோமுலோவின் குரல் தணிந்தது. “இது இங்க இருக்கக் கூடாது மாப்ள. இதோட ஒரே ரூம்ல நீ தூங்குற. நல்லால்ல.”

லிசாந்த்ரோ தலையாட்டினான். அவனுக்கும் அது ஒன்றுதான் வேண்டும். இன்று சாயங்காலத்துக்குள் இந்தப் பெட்டி வீட்டை விட்டுப் போக வேண்டும்.

ரோமுலோ போன பிறகு வீடு அமைதியானது. வளைகூரையின் வெள்ளைக் கற்கள் குளிரை விட்டுக்கொண்டிருந்தன. தெற்குப் பார்த்த கூரைக் கண்ணாடியில் ஆகஸ்ட் காற்று மணலை வாரி வாரி இறைத்தது, யாரோ விரல்நுனியால் தேய்ப்பது போல ஒரு சத்தம் விட்டு விட்டு வந்தது, ஆற்றுக்கு அப்பால் எங்கோ ஊர்வலத்தின் முரசு இதயத் துடிப்பை விட மெதுவாக அடித்துக்கொண்டிருந்தது.

அவன் கேமராவின் பின்னால் போனான். லென்ஸைத் திறந்தான். கறுப்புத் துணியைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

சீமைச்சாமந்தி வாசனை. நெலிதா அதைக் கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரில்தான் தலை அலசுவாள். துணியைத் தைத்ததும் அவள்தான். ஒரு வருடத்தில் போயிருக்க வேண்டிய வாசனை, இன்னும் தலை காயாத ஒருத்தி இப்போதுதான் இதற்குள்ளிருந்து வெளியே போனது போல ஈரமாக இருந்தது.

கேமராவின் பின்பக்க மங்கல் கண்ணாடியில் அறை தலைகீழாகத் தொங்கியது. தரை மேலே, கூரை கீழே. நாற்காலி ஒரு புகைத் திட்டாகத் தெரிந்தது. அவன் கண் மேலே ஏறியது. அங்கே கட்டில் தொங்கியது. கட்டிலில் தலையணை. அது மட்டும் தெளிவாக இருந்தது. உறையின் ஒவ்வொரு இழையும் தெரிந்தது. அவன் தலை அழுத்திய குழியும், அந்தக் குழியில் கிடந்த ஒரு முடியும் தெரிந்தன.

அவன் துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

கட்டிலை இழுத்துச் சுவரோரம் தள்ளினான். லென்ஸைப் பென்சில் கோட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தினான். பல்லைக் கடித்துக்கொண்டு திருகை முடுக்கினான்.

மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியது. ரோமுலோ வரவில்லை. தொலைபேசியில்தான் வந்தான். பின்னால் பித்தளை வாத்தியங்கள் அலறின.

“மாப்ள, பாலத்தத் தாண்டவே முடியல. ஒரு பக்கம் குதிர, ஒரு பக்கம் டான்ஸ், பிசாசு வேஷம் போட்டவன் ஒருத்தன் என் கால மிதிச்சிட்டான். நேரம் ஆயிடும். நீயே உட்கார்ந்து எடுத்துடேன்.”

“தனியாவா? யாரு தெளிவு பார்க்குறது?”

“நூல் கட்டு. நீ செய்யாததா?” சத்தம் கூடியது. அவன் கத்தினான். “உட்காருடா! உனக்காக அவ எத்தன தடவ உட்கார்ந்தா!”

லிசாந்த்ரோ நாற்காலியைத் திரும்பிப் பார்த்தான்.

“தப்பாச் சொல்லிட்டேன்,” என்றான் ரோமுலோ. “நான் எப்படியாவது வந்துடறேன்.”

தப்பில்லை. நெலிதாதான் உட்காருவாள். படம் எடுக்க வருபவர்களை அதிக நேரம் காக்கவைக்கக் கூடாது என்று, அவர்களுக்கு முன்னால் அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் காட்டுவாள். அவள் கண்ணை வைத்து அவன் தெளிவு பார்ப்பான். சரியானதும் எழுந்துகொள்வாள், வந்தவர் உட்காருவார், அப்போதுதான் பிலிம் உள்ளே போகும். எத்தனையோ தடவை அவள் முகம் அந்தக் கண்ணாடியில் தலைகீழாக வந்து போனது. ஒரு படம் கூட இல்லை.

அவள் இருந்த கடைசி நாள் ரோமுலோ இந்த லென்ஸைக் கொண்டுவந்திருந்தான். பழையது, ஏறக்குறைய அதே பென்சில் கோட்டில்தான் தெளியும், முகத்தைச் சுற்றி மெல்லிய ஒளியைப் பரப்பும், ஆனால் தெளிவு எங்கே இருக்கிறது என்று எளிதில் காட்டாது. காதுக்குப் பின்னால் காலையிலிருந்து வலிக்கிறது என்றாள் நெலிதா. ஆனாலும் உட்கார்ந்தாள். அவன் துணிக்குள் இருந்துகொண்டு குமிழைத் திருகினான். முன்னால், பின்னால், முன்னால். “மீன் பிடிக்கிறியா?” என்று அவள் கேட்டாள். அவன் சொன்னான்: “அப்படியே இரு. அசையாத. கொஞ்ச நேரந்தான்.”

அவள் அசையவில்லை. யாரும் அவ்வளவு அசையாமல் உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை. ஒவ்வொரு இமைமுடியும் தெளிந்தது. அவனுக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அப்போது அவள் உதட்டோரத்திலிருந்து ஒரு நீர்க்கோடு கன்னத்தில் மேல் நோக்கி ஏறியது. மெதுவாக ஏறியது. அந்தக் கண்ணாடியில் கீழே வழிவதெல்லாம் மேலேதான் ஏறும் என்பது அவனுக்கு உறைக்கச் சிறிது நேரம் ஆயிற்று, அதற்குள் அவள் போய்விட்டிருந்தாள்.

லிசாந்த்ரோ போனை வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினான். வேலை என்றால் கை ஓடும். நாற்காலியில் துடைப்பத்தை நிறுத்தி அதில் செய்தித்தாளைக் குத்தினான். துணிக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தான். எழுத்துகள் தலைகீழாக, கூர்மையாக நின்றன. கோடு சரியாகத்தான் இருந்தது. வெளியே வந்தான். துணியைச் சதுரமாக மடித்துக் கேமராவின் மேல் வைத்தான். பிலிம் சட்டத்தை வலப்பக்கச் சிறு மேசையில் வைத்தான். எப்போதும் அங்கேதான் வைப்பான், துணிக்குள்ளிருந்து பார்க்காமலே எடுக்க. லென்ஸின் பித்தளை வளையத்தில் ஒரு வெள்ளை நூலைக் கட்டினான். அதைச் செய்தித்தாள்வரை விறைப்பாக இழுத்து, அங்கே ஒரு முடிச்சுப் போட்டான். முடிச்சு கன்ன எலும்பைத் தொட்டு, நூலும் விறைப்பாக இருந்தால், முகம் தெளிவில் இருக்கிறது என்று பொருள்.

பிலிம் போடுவதற்கு முன் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

துடைப்பத்தை எடுத்துவிட்டு உட்கார்ந்தான். நாற்காலி சில்லென்று இருந்தது. முடிச்சைக் கன்னத்தில் வைத்து அழுத்தினான். நூல் கன்னத்திலிருந்து லென்ஸ்வரை நேர்கோடாக ஓடியது. மணல் கண்ணாடியைத் தேய்த்தது. முரசு நின்றுவிட்டிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

காதுக்குப் பின்னால் லேசாக வலித்தது.

நூல் தளர்ந்தது.

அவன் தலையைப் பின்னுக்குச் சாய்த்துவிட்டதாக நினைத்தான். இல்லை. நாற்காலியின் முதுகில் தலை அப்படியே இருந்தது. நூல் நடுவில் தொய்ந்து, வளைந்து, லேசாக ஆடியது.

பிறகு இறுகியது.

மரம் மரத்தில் உரசும் சத்தம். அவனுக்குத் தெரிந்த சத்தம். லென்ஸ் மீண்டும் அவனை நோக்கி வந்தது. நூல் தொய்ந்தது. பின்னால் போனது. இறுகியது. முன்னால், பின்னால், முன்னால். ஒவ்வொரு தடவையும் முன்னைவிடக் குறைவாக. தெளிவு தேடுபவர்கள் செய்வது போல.

மேலே மடித்து வைத்த துணி அங்கே இல்லை.

அது கேமராவின் பின்னால் தொங்கியது. அதற்குள் ஒரு தலை இருந்தது. ஒரு முதுகு வளைந்திருந்தது. துணியின் கீழ் விளிம்புக்கு அடியில் முக்காலியின் மூன்று மரக்கால்கள் தெரிந்தன. வேறு கால்கள் இல்லை.

நூல் இறுகி நின்றது. ஆடவில்லை.

பூட்டுத் திருகு திரும்பும் சத்தம் கேட்டது.

கதவு தட்டப்பட்டது.

“மாப்ள! வந்துட்டேன். கதவத் திற. நானே உட்கார்றேன்.”

ஒரு சொல் போதும். மச்சான் என்று கத்தினால் போதும். அவன் வாயைத் திறந்தான்.

“அப்படியே இரு,” என்றது துணி. நெலிதாவின் குரல். “அசையாத. கொஞ்ச நேரந்தான்.”

“மாப்ள? தூங்குறியா? டேய்!”

காதுக்குப் பின்னால் வலி ஒரு கம்பியாக இறங்கியது. சீமைச்சாமந்தி வாசனை நாற்காலிவரை வந்துவிட்டது. துணியின் பக்கத்திலிருந்து ஒரு கை வெளியே நீண்டது. தடவவில்லை. தேடவில்லை. பிலிம் சட்டம் இருந்த இடத்துக்கு நேராகப் போனது. எடுத்தது. செருகியது. பிலிமை மூடிய தகடு உருவப்படும் சத்தம், நீளமாக, நிதானமாக.

கதவு அதிர்ந்தது. ரோமுலோ தோளால் மோதிக்கொண்டிருந்தான்.

லிசாந்த்ரோ அசையவில்லை. இமைக்கவில்லை. விரலைத் தூக்கப் பார்த்தான். விரல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. உதட்டோரத்திலிருந்து ஏதோ ஈரமாகக் கீழே வழியத் தொடங்கியது.

துணிக்குள், கண்ணாடியில், அது மேலே ஏறியிருக்கும்.