வாசித்தவர் குறி

காலையில் பட்டறைக்கு வந்ததும் மிருதுளா முதலில் பார்ப்பது நவநீதனின் கடிதங்களைத்தான். கீழே அடுப்பு சூடேறும் வரை மாடி அறையில் காபியோடு உட்கார்ந்து, அவர் அன்று அனுப்பவிருக்கும் மின்மடல்களை ஒவ்வொன்றாகத் திறப்பாள். முதல் வரியிலிருந்து கையெழுத்து வரை வாசித்துவிட்டுத் திரையின் அடியில் விரலை வைப்பாள். 'வாசித்தவர் மிருதுளா' என்று ஒரு குறி விழும். அதன் பிறகுதான் கடிதம் கிளம்பும். அதே நேரத்தில் கோவை கணபதிப் பகுதியின் இன்னொரு மூலையில், தன் ஆய்வகத்தில், நவநீதன் அவளுடைய கடிதங்களை வாசித்துக்கொண்டிருப்பார்.

அவர் தண்ணீர் சோதனை செய்பவர். கடிதங்கள் முழுக்க ஈயமும் குரோமியமுமாக இருக்கும். இருந்தாலும் அவளுக்கு அவற்றை வாசிக்கப் பிடிக்கும். ஊராட்சித் தலைவருக்கு எழுதும் வறட்டு அறிக்கையின் முடிவில்கூட, 'இந்தத் தண்ணீரைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாம், கவலை வேண்டாம்' என்று ஒரு வரி சேர்ப்பார். அவள் கடிதத்தில் அளவு ஏதாவது பிசகியிருந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்புவார். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டது கொஞ்சம்தான். ஆனால் அவர் எந்த நாளில் களைப்பாக இருக்கிறார், எந்த நாளில் யார்மேலோ கோபமாக இருக்கிறார் என்பது அவளுக்கு வாசிக்கும்போதே தெரிந்துவிடும்.

இந்த வழக்கம் பொய்மடல் வெள்ளத்துக்குப் பிறகு வந்தது. எழுதுபொறிகள் நொடிக்குக் கோடிக் கடிதம் எழுதத் தொடங்கி, வங்கியின் பெயரில் மிரட்டலும் பெற்ற பிள்ளையின் பெயரில் அழுகையும் வந்து குவிந்த ஆண்டுகளில், ஒவ்வொரு நிறுவனமும் தன் மடல்வாயிலை இழுத்துச் சாத்திக்கொண்டது. போனும் அப்படித்தான். குரலையும் பொறி திருடும் என்றானபின், தெரியாத எண்ணை எந்த அலுவலகமும் எடுப்பதில்லை. 'கடிதமாக அனுப்புங்கள்' என்று ஒரு பதிவுக்குரல் சொல்லிவிட்டு அடங்கிவிடும். கடிதமோ, நம்பிக்கை பெற்ற தளப்பெயரிலிருந்து வந்தால்தான் உள்ளே போகும்.

மிருதுளா வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில் தொடங்கியபோது இதன் முழுக்கனமும் அவளுக்குத் தெரியவில்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் மூச்சுக்கருவியோடு இருக்கும்போது மூக்கில் பொருத்துகிற சிலிக்கோன் முகமூடிகளை அவள் செய்கிறாள். கட்டை விரல் அகலம்தான் இருக்கும். 'மென்மூச்சு' என்ற தளப்பெயரை வாங்குவது சுலபமாக முடிந்தது. அதிலிருந்து அனுப்பிய ஒரு கடிதம்கூட எந்த மருத்துவமனைக்கும் போய்ச் சேரவில்லை.

கணவன் தருணும் அவளும் தொழில் மையத்து ஆலோசகரைப் போய்ப் பார்த்தார்கள். அவர் நிதானமாக விளக்கினார். பெரிய நிறுவனம் ஒன்றின் மடல்சேவையில் சேரலாம். எல்லா வாயிலும் அவர்களுக்குத் திறக்கும். ஆனால் கடிதத்தை அவர்களுடைய எழுதுபொறி திருத்தித்தான் அனுப்பும், விலகினால் சேர்த்த நம்பிக்கை உங்களோடு வராது. சொந்த சர்வர் வைத்துக்கொள்ளலாம். அப்போது ஒன்றரை ஆண்டு யார் வாயிலும் திறக்காது, பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு குழாத்தில் சேரலாம்: சின்னத் தொழில்கள் சில ஒன்றுகூடி ஒரே நம்பிக்கையைப் பங்கு போட்டுக்கொள்வது. ஒருவர் எழுதுவதை இன்னொருவர் வாசித்துக் குறி வைக்க வேண்டும். ஒருவர் தப்பு செய்தால் அத்தனை பேருக்கும் ஊமைக்காலம், யார் கடிதமும் போகாது.

"பேரு உங்களுதுங்க. அந்தப் பேரை ஊரு நம்பணும்ல, அந்த நம்பிக்கை யாருகிட்ட இருக்கணும்னு யோசிச்சுக்குங்க," என்றார் ஆலோசகர்.

பொறி திருத்துவது மிருதுளாவுக்குப் பிடிக்கவில்லை. காத்திருக்கக் கையில் வசதி இல்லை. மனிதர்கள் வாசிப்பது நல்லதாகத்தான் பட்டது. மாவு மில் நடத்தும் கீர்த்தனா அமைப்பாளராக இருந்த குழாத்தில் சேர்ந்தாள். நவநீதன் அவளுக்கு வாசிப்புத் துணையானார். இரண்டு ஆண்டுகள் எல்லாம் ஒழுங்காகவே நடந்தன.

மழை முடிந்த சமயத்தில் நவநீதன் ஆற்றோரத்து ஊராட்சிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிணற்றுத் தண்ணீரில் குரோமியம் ஏறியிருக்கிறது, மேலே இருக்கும் முலாம் ஆலையிலிருந்துதான் வருகிறது, யாரும் குடிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தார். சோதனை முடிவுகளையும் இணைத்திருந்தார். மிருதுளா இரண்டு முறை வாசித்தாள். எண்களைச் சரிபார்த்தாள். அன்றைக்கு அவர் கோபமாகத்தான் இருந்தார். ஆனால் கோபத்துக்காக ஒரு சொல்லைக்கூட மிகையாகப் போடவில்லை. விரலை வைத்தாள்.

மறுநாளே ஆலை புகார் கொடுத்தது. வாயில்களின் பொதுவிதி தானாக ஓடத் தொடங்கியது. புகார் வந்த கடிதத்தின் உண்மை பொய்யை விசாரிக்க மாதக்கணக்கில் ஆகும். அதுவரை குழாம் முழுவதும் ஊமை. தவிர்க்க ஒரே வழிதான் உண்டு: வாசித்தவர் தன் குறியைத் திரும்பப் பெற வேண்டும். அப்படிச் செய்தால் எழுதியவர் மட்டும் வெளியே போவார், மற்றவர்கள் பிழைத்துக்கொள்வார்கள்.

அன்று மாலை குழாத்தில் எல்லோரும் கீர்த்தனாவின் மில்லில் கூடினார்கள். நவநீதன் வரவில்லை. யாரும் அவரைத் திட்டவும் இல்லை. ஒருவருக்குத் தீபாவளி ஆர்டர், ஒருவருக்கு ஏற்றுமதி, ஒருவர் மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு இந்தப் பெயரிலிருந்துதான் எழுத வேண்டும் என்று ஒவ்வொருவராகத் தங்கள் கஷ்டத்தைச் சொன்னார்கள். மிருதுளாவுக்கும் அந்த வாரம்தான் பல ஊர் மருத்துவமனைகள் சேர்ந்து கொடுத்த முதல் பெரிய ஆர்டருக்கு உறுதி சொல்ல வேண்டியிருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. அதைத்தான் எல்லோரையும்விட அதிகமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

இரவு குறியைத் திரும்பப் பெற விரல் வைத்தபோது திரை காரணம் கேட்டது. 'எழுதியவர் ஏமாற்றினார்' என்று ஒன்று, 'கவனமாக வாசிக்கவில்லை' என்று ஒன்று. வேறு எதுவும் எழுத இடமில்லை. இரண்டாவதைத் தொட்டாள். முதலாவதைத் தொடவில்லை என்பதைப் பிறகு பல நாள் தனக்கே சமாதானமாகச் சொல்லிக்கொண்டாள். நவநீதனிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. வரவும் முடியாது, அவர் எழுதுவது இனி எந்த வாயிலிலும் நுழையாது.

அதன்பின் கீர்த்தனாவே அவளுக்குத் துணையானாள். ஆர்டர் கைக்கு வந்தது. முகமூடிகள் ஊர் ஊராகப் போயின.

தை மாதம் ஒரு காலை, மிச்சம் இருந்த முகமூடி ஒன்றை எடுத்து விரலால் வருடியபோது மிருதுளாவுக்கு ஏதோ உறுத்தியது. விளிம்பு வழக்கத்தைவிட விறைப்பாக இருந்தது. அடுப்பின் வெப்பக் கட்டுப்பாட்டைச் சோதித்தாள். ஒரு சுற்று முகமூடிகள் அதிகம் வெந்திருக்கின்றன. பெரியவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் காகிதம்போல் தோல் இருக்கும் குழந்தைக்கு, இரவும் பகலும் அழுத்திக்கொண்டே இருந்தால் புண்ணாகிவிடலாம். ஆகாமலும் இருக்கலாம். உடனே எல்லா மருத்துவமனைக்கும் எழுதினாள்: இந்தச் சுற்றைப் பயன்படுத்த வேண்டாம், கழற்றிவிடுங்கள், தவறு எங்களுடையது.

கீர்த்தனா அதை வாசித்துவிட்டு விரல் வைக்காமல் நேரே பட்டறைக்கு வந்தாள்.

"புண்ணாகும்னு உனக்கு உறுதியாத் தெரியுமா?"

"தெரியாதுக்கா. ஆனா ஆகலாம்."

"ஆகலாம்னு எழுதுனா ஆசுபத்திரிக்காரங்க புகார் போடுவாங்க. நாளைக்கு ஒண்ணும் ஆகலைன்னா அதுவே பீதிக் கடிதம்னு வந்து நிக்கும். சோதிச்சு முடிச்சு உறுதியாச் சொல்லு, வெச்சர்றேன்."

"அதுக்கு நாளாகும்க்கா. குழந்தைங்க மூக்குல இருக்குது."

கீர்த்தனா அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலை உயர்த்தாமலேயே சொன்னாள். "புகார் வந்தா நான் கவனமா வாசிக்கலைன்னு சொல்லணும் மிருது. எனக்கு அப்படிச் சொல்ல வராது."

குழாத்தில் மற்றவர்களும் வாசிக்க மறுத்தார்கள். தருண் சொன்னபடி அன்றே பெரிய நிறுவனத்தின் சேவையில் சோதனைக் கணக்கு ஒன்று தொடங்கினார்கள். அதன் எழுதுபொறி அவளுடைய எச்சரிக்கையை எடுத்துக்கொண்டு, கண்மூடித் திறப்பதற்குள் திருத்தித் தந்தது. 'மென்மூச்சு முகமூடிகள் இப்போது இன்னும் மென்மையாக! உங்கள் கையிருப்பைப் புதுப்பித்துக்கொள்ள ஏற்ற தருணம்.' கழற்றிவிடுங்கள் என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சேர்த்துப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அது வேறு ஏதோ இனிமையான சொல்லாக மாறியது. தன் பெயரின் நம்பிக்கைக்கு ஊறு வரும் எதையும் அது வெளியே விடாது. தனி சர்வரைப் பற்றி இருவரும் பேசவே இல்லை. மருத்துவமனைகளுக்குப் போன் செய்தாள். கடிதமாக அனுப்புங்கள் என்றது பதிவுக்குரல்.

என்ன செய்வதென்று தெரியாமல் நவநீதன் வீட்டுக்குப் போனாள். அவர் இல்லை. அவர் மனைவி அவளை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். "அவரு தண்ணிப் பாட்டிலையெல்லாம் தூக்கிட்டு ஊர் ஊராப் போயிட்டிருக்காருங்க. ஒவ்வொரு வீட்டுலயும் நின்னு சொல்றாரு. பாதிப்பேரு நம்பறதில்லை," என்றார். மிருதுளா தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தாள்.

மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறினாள். ஒரு திசைக்குத் தருண் போனான், மறுதிசைக்கு அவள் போனாள். நேரில் சொல்வதும் எளிதாக இல்லை. ஈரோட்டில் வரவேற்பில் இருந்த பெண் அவள் அடையாள அட்டையைப் பலமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, மடலில் வராத எதையும் உள்ளே சொல்ல முடியாது என்றாள். மதியம் வரை உட்கார்ந்திருந்து, வெளியே வந்த நர்ஸ் ஒருவரை வழிமறித்துத்தான் காரியம் ஆயிற்று. இன்னொரு ஊரில் காவலாளி அவளை வாசலுக்குள்ளேயே விடவில்லை. ஒரு கடிதம் நொடியில் செய்யும் வேலை நாட்களைத் தின்றது.

நாமக்கல்லுக்கு அருகில் ஒரு தனியார் மருத்துவமனையில் தலைமை நர்ஸ் அவளை நம்பினார். கையைக் கழுவச் சொல்லி, குழந்தைகள் பிரிவுக்குள் கூட்டிப்போனார். மூன்றாவது கண்ணாடிப் பெட்டியில் இருந்த குழந்தையின் முகமூடியை மெல்ல நகர்த்திப் பார்த்தார். இரண்டு நாசித் துவாரங்களுக்கும் நடுவில் தோல் கறுத்து உள்வாங்கியிருந்தது. நர்ஸ் மூச்சை இழுத்துக்கொண்டு டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

பெட்டிக்குப் பக்கத்தில் நைட்டிமேல் துண்டு போட்டுக்கொண்டு ஒரு இளம் தாய் நின்றிருந்தாள். நடந்தது எல்லாம் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இது நீங்க செஞ்சதுங்களா?"

"ஆமாங்க."

"இப்படி ஆகும்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"போன வாரமே தெரியும்ங்க."

அந்தப் பெண் அழவில்லை. நிஜமாகவே விளங்காதவள்போல் கேட்டாள். "ஒரு மெயில் போட்டிருந்தாப் போதுமேங்க?"

மிருதுளாவின் மனதுக்குள் பதில்கள் வரிசைகட்டி வந்தன. வாயில்கள், குழாம், வைக்கப்படாத விரல், இனிக்க இனிக்கத் திருத்திய பொறி. எதுவும் பொய் இல்லை. எதையும் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. நவநீதன் அந்த ஊர்களின் வாசல்களில் நிற்பது நினைவுக்கு வந்தது. அங்கேயும் யாராவது ஒரு தாய் இதே கேள்வியைக் கேட்டிருப்பாள்.

"போட்டிருக்கணும்ங்க," என்றாள்.

டாக்டர் வந்துவிட்டார். பெட்டியைச் சுற்றிக் கைகள் நிறைந்தன. முகமூடி இல்லாத குழந்தை வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தது. நர்ஸ் வேறு ஒன்றைப் பொருத்த, மார்பு சீராக ஏறி இறங்கத் தொடங்கியது. ஓரமாக ஒதுங்கி நின்ற மிருதுளாவுக்கு அங்கிருந்து போகவும் தோன்றவில்லை, இருக்கவும் முடியவில்லை.

அந்தத் தாய் குழந்தையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"இது வேற ஊருக்கெல்லாம் போயிருக்குதுங்களா?"

"போயிருக்குதுங்க. இன்னும் பல ஊரு பாக்கி."

"அப்புறம் இங்க எதுக்கு நின்னுட்டிருக்கறீங்க?" என்றாள் அவள். "போங்க."