முப்பத்தைந்துக்கு நாற்பத்தைந்து

தாழ்வுபாட்டு பஸ்ஸால் இறங்கி லூசியா, அமிர்தநாயகத்தின் ஸ்ரூடியோவுக்குள் நுழைந்தபோது காலை பத்து மணி. மீள்குடியேறி ஒரு வருடமாகியும், போரில் காணாமல்போன மகன் டினேஷ் வந்து சேரவில்லை. காணாமல்போனோர் பட்டியலில் அவன் பெயரைப் பதியப் படம் வேண்டும்: அகலம் முப்பத்தைந்து மில்லிமீற்றர், உயரம் நாற்பத்தைந்து, முகம் தெளிவாக. பன்னிரண்டு மணிக்குள் பதிவுக் கந்தோரில் கொடுக்காவிட்டால் விண்ணப்பம் எடுபடாது.

அவளிடம் இருந்தது கோயில் திருநாளில் எடுத்த ஒரேயொரு கூட்டப் படம். அதில் டினேஷின் முகம் பயற்றம்பருப்பளவு.

"மீன் வெட்டுறவனுக்கும் படத்தில கோட்டுப் போட்டுவிட்டனீங்களாம். என்ர பொடியனுக்கு முகத்தையாவது போட்டுத் தாங்கோ தம்பி."

அமிர்தநாயகம் படத்தைக் கணினியில் ஏற்றிப் பெருப்பித்தார். முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. கண் இருந்த இடத்தில் இரண்டு கறுப்புச் சதுரங்கள். சரிவராது என்று சொல்ல நாக்கு எழவில்லை. கோட்டு ஒட்டிப் பழகிய கை. தன்னுடைய இருபது வயதுப் படத்திலிருந்து இரு கண்களையும் வெட்டி அங்கே பொருத்தினார்.

லூசியா படத்தை முத்தமிட்டாள்.

"என்ர பிள்ளையேதான்! எப்பிடி இவ்வளவு தெளிவா எடுத்தனீங்கள்?"

"கொம்பியூட்டர் செய்யுமக்கா."

அவருக்குக் காது சுட்டது. அவள் படியிறங்கும் வரை நிமிரவில்லை.

மூன்றாம் நாள் மதியம் திரும்பி வந்தாள். உதடு காய்ந்திருந்தது.

"அவன் வந்திட்டான்" என்றாள், இரகசியம் போல.

"ஆர்?"

"டினேஷ். வீட்டுக்குள்ள வாறானில்லை. வேலியோட நிண்டு, 'அம்மா, இது என்ர கண் இல்லை' எண்டுறான். உரிய ஆளிட்டைத் திருப்பிக் குடுக்கவேணுமாம். ஆரின்ர கண் தம்பி அது?"

'என்ர' என்ற ஒரே ஒரு சொல் போதும். அவர் மேசையில் கிடந்த படங்களை அடுக்கத் தொடங்கினார்.

உப்புச் சேற்று நாற்றம் அறைக்குள் பரவியது.

லூசியா வாசற்பக்கம் திரும்பினாள்.

"உள்ள வா ராசா. இந்த மாமா நல்லவர்."

யாரும் வரவில்லை.

படம் பிடிக்கும்போது ஆட்களை இருத்தும் கதிரை மட்டும் கிறீச்சிட்டது.

அமிர்தநாயகம் கமராவுக்குப் பின்னால் ஒதுங்கினார். அதன் சின்னத் திரையில் வெள்ளைத் துணியும் வெறுங்கதிரையும் தெரிந்தன. கதிரைக்குச் சற்று மேலே, முகம் கண்டால் மட்டும் விழும் பச்சைச் சதுரம்.

மறுபடி கிறீச்சு. ஆள் எழும்பும் சத்தம்.

சதுரம் மெல்ல மெல்லப் பெருத்தது.