கடற்பஞ்சின் வலக்கை

"குப்பியில பாதியைக் காணோம். எடுத்தது என் மாணவிதான். அதை நீங்க நிரூபிச்சா போதும்," என்றார் பேராசிரியர் துப்பறிவாளரிடம், நாற்காலியில் சரியாக உட்காரும் முன்பே.

காணாமல் போனது கடற்பஞ்சிலிருந்து பிரித்தெடுத்த அரிய பொருள். அதையே ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கிவிட்டதாக அவருடைய மருமகன் அப்போதுதான் அறிவித்திருந்தார். பேராசிரியரைத் தவிர அலமாரிச் சாவி இருந்தது மருமகனிடமும் மாணவியிடமும் மட்டுமே. திருட்டுப் பட்டம் விழுந்தால் அந்தப் பெண்ணின் படிப்பு அதோடு சரி.

துப்பறிவாளரின் மைத்துனருக்கு ஊர் வைத்த பெயர் 'அவசரம்'. ஆய்வகத்துக்கு வந்து, அறைக்கு வெளியே பெஞ்சில் இருந்த மாணவியைப் பார்த்ததுமே, "பொண்ணுதான் அத்தான்! முழிக்கிற முழியே சொல்லுதே," என்றார்.

துப்பறிவாளர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பேராசிரியரின் அறையில், அவர் முன்னாலேயே மருமகனை உட்கார வைத்து, அவருடைய சாதனையைப் பற்றி விசாரித்தார். மருமகனுக்கு வாயெல்லாம் பல்.

"கடற்பஞ்சோட பொருள் ஒளியை எவ்வளவு திருப்புமோ, நம்மளோடதும் இம்மி பிசகாம அவ்வளவு திருப்புது சார்!"

"எதுல ஆரம்பிச்சீங்க?"

"மலிவான சரக்குதான். இடக்கையும் வலக்கையும் சரிபாதி கலந்தது."

"மூலக்கூறுக்கு ஏதுங்க கை?" என்றார் அவசரம்.

"கையுறை ஜோடி மாதிரிங்க," என்றார் மருமகன். "ஒண்ணு ஒளியை ஒரு பக்கம் திருப்பும், இன்னொண்ணு அதே அளவு மறுபக்கம். கடற்பஞ்சு வலக்கையை மட்டும்தான் செய்யும்."

"நடுவுல ரெண்டையும் பிரிச்சீங்களா?" என்றார் துப்பறிவாளர்.

"இல்ல சார், அது பெரிய வேலை. அப்புறம் பாத்துக்கலாம்னு..."

நுணலும் தன் வாயால் கெடும்.

"பிரிக்கலேன்னா ஒண்ணு திருப்புறதை இன்னொண்ணு அழிச்சிடும். ஒளி திரும்பவே கூடாது," என்றார் துப்பறிவாளர். "அப்ப உங்க குப்பியில இருக்கிறது நீங்க செஞ்சது இல்ல. கடற்பஞ்சு செஞ்சது."

மருமகன் மாமனாரைப் பார்த்தார். "கடைசிப் படி கைகூடவே இல்ல மாமா. சாப்பிட உக்காந்தா கூட முடிஞ்சுதா, முடிஞ்சுதான்னுதானே கேட்டீங்க..."

அவசரம் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பெண்ணைச் சொன்ன சொல் அவருக்கே கூசியது.

துப்பறிவாளர் பேராசிரியர் பக்கம் திரும்பினார். "ஐயா, இதையே பாடமா நடத்துறவர் நீங்க. உங்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?"

"தெரியும்." குரல் தேய்ந்தது. "மகளோட வாழ்க்கையாச்சே. உங்க வாயால அந்தப் பொண்ணு பேர் வந்துட்டா, நானும் நம்பிடலாம்னு பாத்தேன்."

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

வெளியே பெஞ்சில் இருந்த மாணவி பதறி எழுந்தாள். அவர் வாய் திறப்பதற்குள் தன் தோள்பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, உள்ளே இருந்த எல்லாவற்றையும் அவர் காலடியில் கொட்டிக் காட்டினாள்.